மேடையை அவர் எடுக்கட்டும், வீட்டை நாம் எடுப்போம்

எங்கள் ஆச்சிக்கு நாற்காலியில் உட்கார்ந்த படங்கள் ஏழெட்டு இருக்கின்றன. எல்லாம் ஏதோ ஒரு கல்யாண வீட்டில் எடுத்தவை. மடிப்புக் கலையாத பட்டுச்சேலை, முட்டுமேல் வைத்த இரண்டு கைகள், காதில் பாம்படம், கேமராவை நேராகப் பார்க்கும் கண்கள். ஆச்சி அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த ஆச்சி அடுப்படியில் நிற்பவள். மறுவீட்டுச் சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டே, எந்த வீட்டில் யாருக்கு எத்தனையாவது மாதம் என்று விரல்விட்டுச் சொல்பவள். பேறுகால மருந்து இடிக்கிற நாளில் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரையும் உரலைச் சுற்றி உட்காரவைத்துக் கதை சொல்பவள். அந்த ஆச்சிக்கு ஒரு படம்கூடக் கிடையாது. கேமரா வந்த நாட்களிலெல்லாம் அவளை அடுப்படியிலிருந்து கூப்பிட்டு, முகம் கழுவச் சொல்லி, நாற்காலியில் உட்காரவைத்துத்தான் எடுத்திருக்கிறார்கள்.

நம் குடும்பப் படங்களில் பெரும்பாலானவை இப்படித்தான். சடங்கு இருக்கிறது, சடங்கை நடத்திய வீடு இல்லை. தாலி கட்டும் கை இருக்கிறது; மஞ்சள் அரைத்த கை இல்லை. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. படம் எடுப்பது பணம் பிடித்த காரியமாக இருந்த காலத்தில், முக்கியமானது என்று நினைத்ததை மட்டும் எடுத்தார்கள். இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் கேமரா இருக்கிறது. பணம் இப்போது தடையில்லை. எதை முக்கியம் என்று நினைக்கிறோம் என்பதுதான் இன்னும் மாறவில்லை.

ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் எங்கள் குடும்பத்துப் படங்களைத் திரட்டி ஒழுங்குபடுத்தும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்து வீட்டிலிருந்த தகரப்பெட்டி, தென்காசியில் தம்பி வீட்டு அலமாரி, மும்பையில் இருக்கும் பெரியம்மை மகன் வீடு என்று மூன்று திசையிலிருந்தும் படங்கள் வந்தன. அவற்றைத் தரையில் பரப்பிவைத்துப் பார்க்கும்போது, ஒரு குடும்பம் எதையெல்லாம் நினைவு வைத்துக்கொள்ளத் தீர்மானித்தது என்பது தெரிகிறது.

படம் நம் வீடுகளுக்குள் வந்த வழி நீளமானது. 1839-ல் பிரான்சில் டாகேரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் கேமரா மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் வந்துவிட்டது. மெட்ராஸ் அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-ல் கோவில்களையும் கோட்டைகளையும் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளக் கல்வெட்டுகளைத் தனித்தனியாக எடுத்து, 21 அச்சுகளை வரிசையாக ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். அந்தப் படங்களில் கல் நிறைய இருக்கிறது, மனிதர்கள் அபூர்வம். நம் மனிதர்கள் படத்துக்குள் வந்தது ஸ்டூடியோக்கள் வழியாக. முதலில் பெருநகரத்தில் வசதி உள்ளவர்கள் போனார்கள். பிறகு கும்பகோணம், மதுரை என்று ஊருக்கு ஊர் ஸ்டூடியோ வந்தது. கல்யாணம் முடிந்த சில நாட்களில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஸ்டூடியோவுக்குப் போய் ஒரு படம் எடுத்துக்கொள்வது வழக்கமானது. பின்னால் மாளிகைப் படிக்கட்டு வரைந்த திரை, பக்கத்தில் முக்காலிமேல் பூச்சாடி. மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பார்; பெண் நாற்காலி முதுகில் கைவைத்து நின்றிருப்பாள்.

அந்தப் பழைய ஸ்டூடியோக்கள் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கான கண்ணாடி நெகட்டிவ்கள் குப்பைக்குப் போயின. எஞ்சியதில் ஒரு பகுதியைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் உதவியோடு மின்படிகளாக்கிப் பாதுகாத்திருக்கிறது. 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்கள்தான் அவர்கள் எடுத்துக்கொண்ட எல்லை. பெயர் தெரியாத தம்பதிகள், பெயர் தெரியாத பிள்ளைகள். ஒரு நூற்றாண்டுக் காலத்தில் நம் மக்கள் எப்படித் தெரிய ஆசைப்பட்டார்கள் என்பதற்கு அவை சாட்சி.

ஆசைப்பட்டவர்களைப் போலவே பயந்தவர்களும் உண்டு. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்ற நம்பிக்கை எங்கள் ஊரில் ஆழமாக இருந்தது. அதனால் உயிரோடு இருக்கும்வரை கேமராவுக்கு முன்னால் உட்காராமலே போனவர்கள் பலர். எங்கள் தாத்தாவின் அப்பாவுக்கு இருக்கிற ஒரே படம், அவர் இறந்தபின் எடுத்தது. நாற்காலியில் உட்காரவைத்து, தாடையைச் சுற்றித் துணி கட்டி, நெற்றியில் காசு ஒட்டி, மாலை போட்டிருக்கிறார்கள். சுற்றிலும் மொத்தக் குடும்பமும் நிற்கிறது. இன்றைய பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். நான் அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இடது ஓரத்தில், பாதி தோள் வெட்டுப்பட்டு, புதுப்பெண்ணாக ஒருத்தி நிற்கிறாள். அது எங்கள் ஆச்சி. அவள் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன என்று பெரியம்மை சொல்வாள். ஆச்சியின் இளமைக்கு எங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அந்தச் சாவு வீட்டுப் படம். ஒரு குடும்பத்தில் ஒரு முடிவும் ஒரு தொடக்கமும் ஒரே சட்டத்துக்குள் நிற்பதை நான் வேறெங்கும் இத்தனை தெளிவாகப் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் ஸ்டூடியோவுக்கு வெளியே, வீட்டு ஆளே எடுத்த முதல் படங்கள் 1974-ல் தம்பியின் காதுகுத்தில் எடுத்தவை. அப்பா கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்தார். கூட வேலை பார்த்தவரிடம் அக்ஃபா கிளிக் 3 கேமரா இரவல் வாங்கி வந்தார். அந்தக் காலத்தில் இந்தியாவின் நடுத்தரக் குடும்பங்களில் பரவலாகப் புழங்கிய பெட்டிக் கேமரா அது. வெயிலுக்கு ஒரு நிலை, மேகமூட்டத்துக்கு ஒரு நிலை என்று திருப்பி வைத்துக்கொண்டால் போதும். 120 ரோல் போட்டால் 12 சதுரப் படங்கள். ஊட்டியில் 1960-ல் அரசு தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ கறுப்பு வெள்ளை ஃபிலிம் அப்போது கடைகளில் கிடைத்தது. இரண்டு நாள் விசேஷத்துக்கும் சேர்த்து 12 தடவைதான் அழுத்த முடியும் என்றால், எதை எடுப்பது என்று முதல்நாளே யோசிக்க வேண்டும். அப்பா ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார்: குலதெய்வக் கோவில் வாசல், மொட்டை, தாய்மாமன் மடி, சீர்த்தட்டு, பந்திக்கு ஒன்று, எல்லோரும் சேர்ந்து ஒன்று. கேமராவை எடுத்தாலே எல்லோரும் அசையாமல் நின்றுவிடுவார்கள். ஆனாலும் அந்த ரோலில் ஒரு படம், பொங்கல் பானைக்கு முன்னால் என் அம்மா குனிந்து விறகைத் தள்ளுவதை எடுத்தது. அது அப்பாவின் பட்டியலில் இல்லாத படம். அவர் ஏன் அதற்கு ஒரு ஃபிலிமைச் செலவழித்தார் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். “அவுஹளுக்கு என்ன தோணுச்சோ” என்று சிரிப்பாள். அந்தப் பன்னிரண்டில் இன்று எங்கள் வீட்டில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு மாட்டியிருப்பது அதுதான்.

எண்பதுகளில் ஹாட் ஷாட் கேமரா வந்தது. பிறகு 36 படம் எடுக்கிற கலர் ரோல், லேபுக்குக் கொடுத்தால் மறுநாள் பிரிண்ட். தம்பியின் கல்யாண ஆல்பம் முழுக்கக் கலர். அதைப் பார்த்து என் மருமகள் ஒருநாள் கேட்டாள்: “அத்தை, தாத்தா காலத்துப் படமெல்லாம் பளிச்சுனு இருக்கு, மாமா கல்யாணப் படம் மட்டும் ஏன் இப்படிச் செவந்து போச்சு?” நல்ல கேள்வி. கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவத்தைத் தாங்கி நிற்பது நுண்ணிய வெள்ளித் துகள். சரியாகக் கழுவப்பட்ட படமாக இருந்தால் அது நூறாண்டு தாங்கும். ஹைப்போ மருந்து போகக் கழுவாமல் விட்டதுதான் மஞ்சளடிக்கும். கலர் பிரிண்டில் வெள்ளி மிஞ்சாது. நீலப்பச்சை, செவ்வூதா, மஞ்சள் என்று மூன்று சாய அடுக்குகள்தான் படம். எழுபது, எண்பதுகளின் தாள்களில் நீலப்பச்சைச் சாயம் மற்ற இரண்டையும்விடச் சீக்கிரம் மங்கியது, அலமாரி இருட்டில் வைத்திருந்தாலும்கூட. மீதி இரண்டும் சேர்ந்து எல்லோர் முகத்தையும் செம்மண் நிறமாக்கிவிடுகின்றன. ஒரு செய்தி சொன்னால் ஆறுதலாக இருக்கும்: மங்கிய சாயம் முழுவதும் அழிந்துவிடவில்லை. இன்றைக்கு ஸ்கேன் செய்தால் நிறத்தைப் பெருமளவு மீட்க முடியும். பத்து ஆண்டு கழித்துச் செய்தால் மீட்பது குறையும். ஆகவே பெட்டியைத் திறக்கிறவர்கள் கலர் படங்களிலிருந்து தொடங்குங்கள். பழையதுதானே முதலில் என்று கறுப்பு வெள்ளையிலிருந்து தொடங்க வேண்டாம்.

இந்தத் தை மாதம் தம்பி மகளுக்கு வளைகாப்பு. போட்டோகிராபர் இரண்டு உதவியாளர்களோடு வந்தார். திறமையானவர். மணையில் அவளை உட்காரவைத்து, விளக்குகளைச் சரிசெய்து, சந்தனம் பூசும் ஒவ்வொரு கையையும் அழகாக எடுத்தார். அவருடைய வேலை மேடை. யாருடைய கை அது, அந்தக் கை ஏன் நடுங்குகிறது என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. அது வீட்டு ஆளுக்குத்தான் தெரியும். அதனால் நான் மேடைப் பக்கமே போகவில்லை.

முதல்நாள் ராத்திரியே தொடங்கினேன். பட்டாசாலையில் பாய் விரித்துப் பெண்கள் உட்கார்ந்து புளியோதரைக்குப் புளி கரைப்பதும், எலுமிச்சம்பழம் நறுக்குவதும், தட்டு எண்ணிக்கை ஒற்றைப்படையில் வருகிறதா என்று இரண்டு மதினிமார் சரிபார்ப்பதும் நடந்துகொண்டிருந்தன. விடிந்ததும் வளையல்காரர் வந்தார். எங்கள் பக்கத்தில் வளைகாப்புக்கு வளையல்காரரை வீட்டுக்கே கூப்பிட்டு, வந்த பெண்கள் எல்லோருக்கும் வளையல் போட்டுவிடச் சொல்வது வழக்கம். கையை அமுக்கிப் பார்த்தே அளவு சொல்லிவிடுவார். எலும்பு மடங்கும் இடம் பார்த்து, உடையாமல் கண்ணாடி வளையலை ஏற்றும் அந்த விரல்களை, வாசல் வெளிச்சத்தில், அவர் எதிரே தரையில் உட்கார்ந்து எடுத்தேன். கல்யாணமாகாத பெண்கள், வயதானவர்கள், பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளைகள் என்று கைகள் மாறிக்கொண்டே இருந்தன. மேடையில் கர்ப்பிணிக்கு முதலில் வேப்பிலைக் காப்பு போட்டு, பிறகு கண்ணாடி வளையல்களை அடுக்கும்போது, நான் பார்த்தது அவளுடைய அம்மாவை. தூணில் சாய்ந்து நின்று, மகளின் கையைப் பார்க்காமல் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் படம் ஆல்பத்தில் வராது. எங்கள் வீட்டுக்கு அது வேண்டும்.

அன்றைக்கு ஒரு பேச்சும் வந்தது. பெரியம்மை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஏட்டி, வயித்துப்பிள்ளக்காரிய படம் எடுக்கட்டும், வேண்டாங்கல. ஊரெல்லாம் பாக்க போன்ல போடாதீங்க. கண்ணேறு பொல்லாதது” என்றாள். இளையவர்கள் சிலர் சிரித்தார்கள். நான் பெரியம்மை பக்கம் நின்றேன். கண்ணேற்றில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, ஒரு பெண்ணின் உடம்பில் நடக்கும் காரியத்தை யார் யார் பார்க்கலாம் என்று அந்தக் குடும்பம் தீர்மானிப்பது நியாயம். குழந்தை பிறந்து, தொட்டில் போட்டபின் வெளியே அனுப்பலாம் என்று முடிவானது. குழந்தைகளுக்கும் இதே கட்டுப்பாடு வேண்டும் என்பது என் எண்ணம். குளிப்பாட்டும் படம், மொட்டையடிக்கும்போது அலறும் படம் எல்லாம் வீட்டுக்குள் இருக்கட்டும். நாளைக்கு வளர்ந்து நிற்கப்போகிறவர்களின் சம்மதத்தை இன்றைக்கே நாம் கொடுத்துவிடக் கூடாது.

போனில் எடுக்கிறவர்களுக்கு நான் கற்றுக்கொண்டதில் சில. லென்ஸைத் துடையுங்கள், சமையல் வீட்டில் ஆவியும் எண்ணெயும் படிந்த லென்ஸ்தான் பாதிப் படங்களைப் புகையாக்குகிறது. ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே ஆளை நிறுத்தினால் கண்குழியில் நிழல் விழும். ஜன்னலோரமோ வாசலோரமோ ஓர் அடி நகர்த்தினால் முகம் திறந்துகொள்ளும். குத்துவிளக்கு ஏற்றும்போது ஃபிளாஷை அணைத்துவிட்டு, திரையில் சுடரை விரலால் தொட்டால் சுற்றியுள்ள இருட்டு இருட்டாகவே நிற்கும், சுடர் வெளுத்துப்போகாது. விரலால் இழுத்துப் பெரிதாக்குவதைவிட இரண்டு எட்டு கிட்டே போவது நல்லது. குழந்தையை எடுக்கும்போது அதன் கண் உயரத்துக்கு இறங்குங்கள். விஜயதசமியன்று அரிசியில் எழுதவைக்கும்போது மட்டும் இதற்கு விதிவிலக்கு: மேலிருந்து தட்டைப் பார்த்து எடுத்தால்தான் தாத்தாவின் கைக்குள் பேரனின் விரல் இருப்பது தெரியும்.

புதுவீடு பால்காய்ச்சுக்கு நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. சாமான் வருவதற்கு முன்னால், காலியாக இருக்கும் ஒவ்வொரு அறையையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். சுண்ணாம்பு வாசனை போகாத வெறும் சுவரை ஒருமுறைதான் பார்க்க முடியும். அதற்கும் முன்னால், வீடு கட்டிய கொத்தனார், ஆசாரி, சித்தாள் பெண்கள் எல்லோரையும் நிலைவாசலில் நிறுத்திப் பெயர் கேட்டு எடுங்கள். கிரகப்பிரவேசத்தன்று அவர்களுக்கு வேட்டி துண்டு கொடுத்து மரியாதை செய்கிறோம். ஐயர் வளர்க்கும் ஹோமப்புகையை நூறு படம் எடுத்துவிட்டு, கல் எடுத்துக் கொடுத்தவர்களை விட்டுவிடுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம். என் கொழுந்தன் வீட்டில் அப்படி ஒரு படம் எடுத்து, சட்டம் போட்டு, அந்த வீட்டின் முன்னறையிலேயே மாட்டியிருக்கிறார்கள். சித்தாள் பெண் ஒருத்தி தன் மகளைக் கூட்டிவந்து காட்டிவிட்டுப் போனாளாம்.

ஆண்டுதோறும் ஒரே படத்தை எடுப்பதிலும் பெரிய பலன் இருக்கிறது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் நிக்கோலஸ் நிக்சன், 1975-ல் தன் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் ஒன்றாக நிறுத்திப் படம் எடுத்தார். அதன்பின் ஆண்டுக்கு ஒன்று. நால்வரும் எப்போதும் அதே வரிசையில் நின்றார்கள். 40 படங்கள் சேர்ந்தபோது, 2014-ல், நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. தனியாக ஒரு படத்தைப் பார்த்தால் நான்கு பெண்கள் நிற்கிறார்கள், அவ்வளவுதான். வரிசையாகப் பார்க்கும்போது காலம் கண்ணுக்குத் தெரிகிறது. நமக்கு இதற்கென்று நாள் குறிக்க வேண்டியதில்லை, பொங்கல் இருக்கிறது. நாங்கள் ஊர் வீட்டுத் திண்ணையில், பானை இறக்கியதும், குளித்த ஈரத் தலையோடு வரிசையாக நிற்கிறோம். என் மருமகளின் தலைப் பொங்கலன்று, அந்த வரிசையில் அவளுக்கு எந்த இடம் என்று பெரியவர்கள் பேசி முடிவுசெய்தார்கள். அவளும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுபொங்கலுக்கு வந்ததும் தானாகப் போய் அந்த இடத்தில் நின்றாள்.

எடுப்பதைவிடக் காப்பது கடினம். நம் ஊர் ஈரப்பதமும் சூடும் படத்துக்கு எதிரி. சுவரில் மாட்டிய படம், கண்ணாடியோடு ஒட்டிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். படத்தின் மேற்பூச்சு ஜெலட்டின். மழைக்கால ஈரத்தில் அது இளகிக் கண்ணாடியைப் பற்றிக்கொள்கிறது. அதைப் பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே, தாழ்வார நிழலில் தரையில் வைத்து, பிரதிபலிப்பு விழாமலிருக்கக் கறுப்புத் துணிக்குப் பின்னாலிருந்து ஒரு படம் எடுத்துவிடுங்கள். புதிதாகச் சட்டம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டை விளிம்பு வைத்துத் தரும்படி கடைக்காரரிடம் சொல்லுங்கள். பின்பக்கம் கரையானுக்கு வழிவிடாமல் மூடச் சொல்லுங்கள். பிசின் பூசிய பக்கத்தில் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடுகிற ஆல்பங்கள் வெகுகாலம் கடைகளில் விற்றன. அந்தப் பிசின் படத்தைக் கறைபடுத்தும். இழுத்தால் கிழியும் என்று தோன்றினால், பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிட்டு, பிறகு மெல்லிய நூலை அடியில் விட்டு மெதுவாக அறுத்து எடுக்கலாம். சிறிய படங்களை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பெரிதாகப் பிரிண்ட் போட அது வேண்டும்.

போனிலிருப்பது பத்திரம் என்று நினைக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் படமாக அனுப்பினால் அது அளவு சுருங்குகிறது, எடுத்த நாள் நேரக் குறிப்பும் போய்விடுகிறது. டாக்குமெண்டாக அனுப்பினால் மூலப்படம் அப்படியே போகும். கூகுள் போட்டோஸில் எல்லையில்லாமல் இலவசமாகச் சேமிக்கும் வசதி 2021 ஜூன் மாதத் தொடக்கத்தோடு முடிந்துவிட்டது; இப்போது மின்னஞ்சலும் மற்றதும் சேர்ந்து 15 ஜிபிதான். ஒரு பிரதி வீட்டு ஹார்டு டிஸ்கில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் பிள்ளை வீட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டு முடிவில் நல்ல படங்களைத் தேர்ந்தெடுத்துப் பிரிண்ட் போட்டு ஒரு சிறு ஆல்பமாக்குங்கள். கண் மங்கிய பெரியவர்கள் போன் திரையில் விரல் தள்ளிப் பார்க்கமாட்டார்கள். ஆல்பத்தை மடியில் வைத்தால் மணிக்கணக்கில் பார்ப்பார்கள், பேசுவார்கள். அப்படிப் பேசும்போது பக்கத்தில் போனில் ஒலிப்பதிவைப் போட்டுவைத்துவிடுங்கள்.

பழைய படத்தைப் புதிதாக்கித் தருகிற செயலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீறலையும் கறையையும் நீக்குவதற்கு அவை உதவும். முகம் தெளிவில்லாத இடத்தில் அவை தாமாக ஒரு முகத்தை வரைந்துவிடுகின்றன. ஆச்சியின் படம் ஒன்றை அப்படிக் கொடுத்துப் பார்த்தோம். தோல் வழவழப்பானது, கண் பெரிதானது. பாம்படம் இழுத்துத் தொங்கிய காதுமடலை அது பிழை என்று எடுத்துக்கொண்டு, சாதாரணக் காதாக மாற்றிவிட்டது. வந்தது யாரோ ஒரு அழகான கிழவி. எங்கள் ஆச்சி இல்லை. மூலப் படத்தின் ஸ்கேனை எப்போதும் தனியாக, தொடாமல் வைத்திருங்கள்.

இனி பெயர். எங்கள் பெட்டியில் பல படங்களுக்குப் பின்னால் “அம்மா”, “நான்”, “சித்தி வீட்டில்” என்று எழுதியிருந்தது. எழுதியவருக்கு அது போதுமாயிருந்தது. இரண்டு தலைமுறை கழித்துப் பார்க்கிறவருக்கு, யாருடைய அம்மா, எந்தச் சித்தி? முழுப் பெயர், யாருக்கு யார், ஊர், மாதம், ஆண்டு, என்ன விசேஷம் என்று எழுத வேண்டும். பழைய தாளில் மென்மையான பென்சிலால் ஓரத்தில் அழுத்தாமல் எழுதலாம். வழவழப்பான புதிய பிரிண்டில் பென்சில் பிடிக்காது, கசியாத மார்க்கர் பேனா வேண்டும். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கத்தில் தடம் தெரியும். ஸ்கேன் செய்த கோப்புக்கு அது ஸ்கேன் ஆன தேதிதான் பதியும் என்பதால், கோப்பின் பெயரிலேயே உண்மையான ஆண்டையும் விசேஷத்தையும் சேர்த்துவிடுவது நல்லது.

1974 காதுகுத்தில் எல்லோரும் சேர்ந்து நின்ற படத்தில் எனக்குப் பாதிப் பேரைத்தான் தெரிந்தது. மும்பை மதினிக்கு அனுப்பினேன். அவள் அங்கிருந்து நான்கைந்து பேரைச் சொன்னாள். வேட்டியை மடித்துக்கட்டி ஓரத்தில் நிற்பவர் அந்தக் காலத்தில் ஊருக்கே மொட்டையடித்தவர் என்றும், அவர் குடும்பம் இப்போது கோவில்பட்டியில் இருக்கிறது என்றும் சொன்னாள். பெரியம்மை, முன்வரிசைக் குழந்தைகளில் ஒன்றைக் காட்டி, அது அம்மையில் போன தன் தங்கச்சி மகன், அவனுக்கு வேறு படமே கிடையாது என்றாள். அந்த வீட்டில் இப்போது இருப்பவர்களுக்கு உடனே ஒரு பிரிண்ட் போட்டு அனுப்பினோம். இன்னும் ஆறு பேருக்குப் பெயர் தெரியவில்லை.

வருகிற ஆவணியில் தம்பி பேரனுக்கு அதே குலதெய்வக் கோவிலில் காதுகுத்து. போட்டோகிராபரைக் காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறோம். முதல்நாள் சாயங்காலம் மாவிடிப்பதிலிருந்து நானும், பன்னிரண்டு வயதில் படம் எடுக்கப் பழகிக்கொண்டிருக்கும் அண்ணன் பேத்தியும் பார்த்துக்கொள்வோம். அந்தப் பழைய கூட்டப் படத்தை இரண்டடி அகலத்துக்குப் பிரிண்ட் போட்டாகிவிட்டது. தெரியாத ஆறு முகங்களுக்கும் எண் போட்டிருக்கிறேன். பந்தல் வாசலில், மொய் எழுதும் மேசைக்கு அடுத்த மேசையில் அதை வைத்து, பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வைப்பதாக ஏற்பாடு. அறுபது தாண்டிய யார் வந்தாலும் முதலில் அங்கே கூட்டிப்போக வேண்டும் என்று பேத்தியிடம் சொல்லியிருக்கிறேன்.